உடையாத செட்டு தோற்ற கதை

ரிப்பேர்க்காரன் கணக்கில் பார்த்தால், இதுவரை வந்த செல்போன்களிலேயே நல்லது நோக்கியா 1100 தான். பின்மூடியைத் தள்ளி, பேட்டரியை எடுத்து, ஸ்டார் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மொத்தச் செட்டும் சில துண்டுகளாக மேசைமேல் வந்துவிடும். கீபேட் ஒரே ரப்பர் விரிப்பு. இடுக்கு கிடையாது, தூசி இறங்காது. தலையில் ஒரு டார்ச். மைக் போனால் மைக், ரிங்கர் போனால் ரிங்கர், பாடி தேய்ந்தால் புது பாடி. போர்டு மட்டும் லேசில் சாகாது. சேற்றில் விழுந்த செட்டைக் கழுவி, துடைத்து, குண்டு பல்பின் சூட்டில் காயவைத்தால் மறுநாள் மணி அடிக்கும். தறிக்குழியில் விழுந்தது, மாடு மிதித்தது, ஏரிக்கரையிலிருந்து உருண்டது எல்லாம் என் மேசைக்கு வந்து பிழைத்துப் போயிருக்கின்றன. 2003-இல் வந்த அந்த மாடல் உலகம் முழுக்க ஏறக்குறைய 25 கோடி விற்றது. நோக்கியாவின் 100 கோடியாவது போன் 2005-இல் நைஜீரியாவில் விற்றபோது, அதுவும் 1100 தான்.

அந்த போனைச் செய்த கம்பெனிதான், அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் போன் வியாபாரத்தையே விற்றுவிட்டது. ஏன் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் வரும். "ஆண்ட்ராய்டுக்கு மாறல, அதான்பா" என்பார் ஒருவர். "டாக்ஸ் மேல டாக்ஸ் போட்டுத் துரத்திட்டாங்க" என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டும் போதாது.

எங்கள் ஊர் தாமல், காஞ்சிபுரத்துக்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் பெரிய ஏரி. கோயில் பார்க்கிறவர்களுக்கு வராகீஸ்வரர். நான் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தறியில் உட்காராமல் சால்டரிங் அயர்ன் பிடித்தவன். செல்போன் ரிப்பேரும் ரீசார்ஜும் பாட்டு ஏற்றித் தருவதுமாகக் கடை போட்டு உட்கார்ந்தவனுக்கு ஒரு வசதி: எந்தக் கம்பெனி வளர்கிறது, எது சாய்கிறது என்பது பேப்பரில் வருவதற்கு முன்னால் கவுன்ட்டரில் தெரிந்துவிடும். யாரும் வந்து "நோக்கியா சாய்கிறது" என்று சொல்வதில்லை. கேட்கிற கேள்வி மாறும், அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நோக்கியா மாறத் தெரியாத கம்பெனி இல்லை. 1865-இல் ஃபின்லாந்தில் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கியது அது. பிறகு காகிதம், ரப்பர் பூட்ஸ், மின்கேபிள், டிவி என்று பலதும் செய்தது. 1992-இல் யோர்மா ஒல்லிலா தலைமைக்கு வந்ததும் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, தொலைத்தொடர்பு ஒன்றையே பிடித்துக்கொண்டது. 1998-இல் மோட்டோரோலாவைத் தாண்டி உலகின் முதல் இடத்துக்கு வந்தது. 2007, 2008 வாக்கில் உலகத்தில் விற்ற பத்து செல்போன்களில் ஏறக்குறைய நான்கு நோக்கியா. 2007 நவம்பரில் 'ஃபோர்ப்ஸ்' பத்திரிகை, இந்த செல்போன் ராஜாவை யாராவது பிடிக்க முடியுமா என்று அட்டையிலேயே கேட்டது. ஐபோன் கடைக்கு வந்து சில மாதமே ஆகியிருந்த நேரம் அது.

அந்த ராஜா எங்கள் மாவட்டத்துக்கே வந்திருந்தார். 2005-இல் தமிழ்நாட்டு அரசோடு ஒப்பந்தம், 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் உற்பத்தி. ஏறக்குறைய 210 ஏக்கர் சிறப்புப் பொருளாதார மண்டலம். நோக்கியாவோடு அதன் சப்ளையர்களும் உள்ளே வந்தார்கள்: பாக்ஸ்கான், சால்காம்ப், பெர்லோஸ் என்று. உச்சத்தில் நோக்கியாவில் மட்டும் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். பெரும்பாலும் பன்னிரண்டாவது முடித்த இளம்பெண்கள். எங்கள் நெடுஞ்சாலையில் ஷிஃப்டுக்கு ஷிஃப்டு கம்பெனி பஸ் ஓடியது அப்போதுதான். வாலாஜா பக்கம், செய்யாறு பக்கம், வந்தவாசி பக்கம் என்று எல்லாத் திசையிலும் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய பிள்ளைகள். "கம்பெனிக்குப் போறா" என்றால் எந்தக் கம்பெனி என்று கேட்க வேண்டியிருக்காது.

கடையில் முதலில் மாறிய கேள்வி ஐபோனைப் பற்றியது இல்லை. ஐபோன் 2008 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தபோது விலை 31,000 ரூபாய். எங்கள் ஊரில் அதை யார் கேட்கப் போகிறார்கள்? இங்கே கேட்டது வேறு. "தம்பி, ரெண்டு சிம்மு போடற செட்டு இருக்கா?"

காரணம் எளிது. 2009 ஜூனில் டாடா டோகோமோ விநாடிக்கு ஒரு பைசா என்று இறங்கியதும் கட்டணச் சண்டை மூண்டது. ஏர்செல் ஒரு ஆஃபர் கொடுக்கும், அடுத்த மாதம் வேறொன்று அதைவிடக் குறைக்கும். எல்லோருக்கும் தெரிந்த பழைய நம்பர் ஒரு சிம்மில். மலிவாகப் பேச இன்னொரு சிம். ஒரு சிம் செட்டை வைத்துக்கொண்டு மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, சிம்மை மாற்றி மாற்றிப் போட்டுப் பேசியவர்களை நானே பார்த்திருக்கிறேன். பேட்டரி மூடியின் கொக்கி தேய்ந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு வருவார்கள்.

இந்தத் தேவையைச் சைனா செட்டு பிடித்துக்கொண்டது. தைவானின் மீடியாடெக் கம்பெனி, சிப்பையும் அதற்கான சாஃப்ட்வேரையும் சேர்த்தே ஆயத்தமாகக் கொடுத்தது. அதை வாங்கிய ஷென்ஷென் நகரத்துச் சின்னச் சின்னப் பட்டறைகள், சில மாதங்களிலேயே புது மாடலை இறக்கிவிடும். ரெண்டு சிம், மெமரி கார்டு, பெரிய ஸ்பீக்கர், சிலதில் டிவி ஏரியல்கூட. தரத்தைக் கேட்காதீர்கள். போர்டில் சால்டரிங்கைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனால் எங்கள் பக்கத்தில் அது விற்றதற்கு இன்னொரு காரணமும் இருந்தது: சத்தம். தறி ஓடுகிற வீட்டில் நாடா அடிக்கும் ஓசைக்கு மேலே பாட்டு கேட்க வேண்டும். நோக்கியாவின் ஒழுங்கான சின்ன ஸ்பீக்கர் அங்கே எடுபடவில்லை. சைனா செட்டைத் தறிமரத்தில் மாட்டிவிட்டால் தெருமுனை வரை இளையராஜா.

ஐஎம்இஐ நம்பர் இல்லாத செட்டுகளுக்கு அழைப்பு கிடையாது என்று 2009 டிசம்பரோடு அரசு நிறுத்தியதும் அந்தக் கூட்டம் அடங்கும் என்று நினைத்தார்கள். அடங்கவில்லை. அதே பாணியை மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா என்ற இந்தியப் பெயர்களோடு, முறையான நம்பரோடு, பில்லோடு விற்றார்கள். நோக்கியாவின் முதல் இரட்டை சிம் செட்டு அறிவிக்கப்பட்டதே 2010-இல். ரெண்டு சிம்மையும் ஒரே நேரத்தில் உயிரோடு வைத்திருக்கும் சி2-00 எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு வரும்போது 2011 ஆகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஃபேக்டரி, ஊர் ஊராக டீலர், தெருத்தெருவாகக் கடை. இத்தனை வைத்திருந்த கம்பெனிக்கு, என் கவுன்ட்டரில் தினமும் கேட்ட ஒரு கேள்வி போய்ச் சேர இரண்டு மூன்று வருடம் எடுத்தது.

ஏன் தாமதம்? என் ஊகம் இது. நோக்கியா காது கொடுத்தது நமக்கு இல்லை. ஐரோப்பாவின் நெட்வொர்க் கம்பெனிகளுக்கு. அங்கே அவர்கள்தான் மொத்தமாக வாங்கி, ஒப்பந்தம் போட்டு, சந்தாதாரருக்குக் கொடுப்பார்கள். தாம் கொடுக்கும் போனில் போட்டிக்காரன் சிம்முக்கும் இடம் வைக்க யார் சம்மதிப்பார்? நல்ல வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு நடப்பதுதான் நல்ல கம்பெனியை வீழ்த்துகிறது என்று அமெரிக்கப் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1997-லேயே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். வியாபாரக் கல்லூரிகளில் எல்லோரும் படித்த புத்தகம்தான். படித்தவர்கள்தான் இந்தக் கம்பெனிகளை நடத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, கீழ்ச் சந்தை இப்படிக் கரைந்தது. மேலே நடந்ததுதான் பெரிய அடி. அதில் ஒரு விஷயம் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. 2007-இல் ஐபோன் வந்ததும் நோக்கியா இன்ஜினியர்கள் அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். செய்ய அதிகச் செலவு, 2ஜி மட்டும்தான், ஐந்தடி உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போட்டால் தாங்கவில்லை என்று அறிக்கை எழுதினார்கள். அமெரிக்காவின் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' 2012-இல் இதை வெளியிட்டது. அறிக்கையில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். இன்றைக்கு என் கடையின் வருமானத்தில் பெரும்பகுதி உடைந்த டிஸ்ப்ளே மாற்றுவதுதான். டச்சும் டிஸ்ப்ளேவும் சேர்ந்த காம்போ போட இரண்டாயிரம், மூவாயிரம் என்று கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் மறுபடி உடைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒருவர்கூட "போதும், பழைய 1100 கொடு" என்று கேட்டதில்லை. உறுதியை ஜனங்கள் பாராட்டினார்கள்; காசு கொடுத்து வாங்கியது கண்ணாடிக்குள் இருந்ததை.

டச் ஸ்கிரீன் நோக்கியாவுக்குத் தெரியாத வித்தையும் இல்லை. அதே பத்திரிகை சொன்ன செய்திதான்: அதன் தலைமை வடிவமைப்பாளர் ஃபிராங்க் நுவோவோ குழு, ஐபோனுக்கு ஏழு வருடம் முன்பே ஒரே பட்டன் வைத்த டச் போனின் மாதிரியைச் செய்து காட்டியிருந்தது. பக்கத்தில் ஓட்டல் எங்கே என்று தேடலாம், கார் ரேஸ் விளையாடலாம், பொருளுக்கு ஆர்டர் கொடுக்கலாம். கடைக்கு வரவில்லை. 2004-இல் 7710 என்று ஒரு டச் போன் உண்மையிலேயே வந்தது, எடுபடவில்லை. 2005-இல் 770 என்ற இணைய டேப்லெட்டும் வந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் இல்லையா என்றால், பத்து வருடத்தில் 4,000 கோடி டாலர் செலவழித்திருக்கிறார்கள். ஆப்பிள் செலவழித்ததைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு.

பிறகு எங்கே இடித்தது? சிம்பியானில். நோக்கியா ஸ்மார்ட்போன்களுக்குள் ஓடிய அந்த இயங்குதளத்தின் வேர் 1990-களில் இருக்கிறது. மெமரி அரிதாக, பேட்டரி சின்னதாக இருந்த காலத்தில், கைக்கு அடக்கமான சின்னக் கணினிகளுக்காகச் செய்யப்பட்டது. கொஞ்சம் மெமரியில், குறைந்த கரண்டில் ஓடுவதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. அதன்மேல் பட்டன் போனுக்கான முகப்பைக் கட்டி, பிறகு அதற்கும் மேல் விரல் தொடுகிற முகப்பை ஒட்டினார்கள். 2008 கடைசியில் வந்த 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக் நினைவிருக்கிறதா? நகத்தால் அழுத்தினால்தான் கேட்கும். மெனுவில் ஒரு இடத்தில் ஒரு தட்டு, இன்னொரு இடத்தில் இரண்டு தட்டு.

போதாததற்கு மாடலுக்கு மாடல் சாஃப்ட்வேர் வேறு. 2009-இல் நோக்கியாவுக்குள் ஒன்றோடொன்று பொருந்தாத 57 வகை இயங்குதளப் பதிப்புகள் இருந்ததாக, நோக்கியாவை நெடுநாள் ஆராய்ந்த இன்சீட் கல்லூரிப் பேராசிரியர் ஈவ் டோஸ் எழுதியிருக்கிறார். செட்டுக்குள் சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றும் ஃபிளாஷிங் வேலை செய்த எங்களுக்கு இது ஆச்சரியம் இல்லை. அந்தந்த மாடலுக்கு அந்தந்த ஃபைலைத் தேடி எடுத்தவர்கள் நாங்கள். ஆனால் ஆப் எழுதுகிறவன் நிலையை யோசியுங்கள். ஆண்ட்ராய்டுக்கு ஒரு தடவை எழுதினால் நூறு கம்பெனி செட்டில் ஓடும். இங்கே ஒரே கம்பெனிக்குப் பல தடவை எழுத வேண்டும். 2009 மே மாதம் ஓவி ஸ்டோர் என்று ஆப் கடையும் திறந்தார்கள். கடை திறந்தால் போதுமா, சரக்கு கொண்டுவர ஆள் வர வேண்டாமா?

இத்தனையும் நோக்கியாவுக்குள் இருந்த இன்ஜினியர்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் மாறவில்லை என்று கேட்டவர்கள் இரண்டு ஆராய்ச்சியாளர்கள். ஃபின்லாந்தின் டிமோ வுவோரி, இன்சீட்டின் குவி ஹுய். நோக்கியாவின் மேல்மட்ட, நடுமட்ட அதிகாரிகள், இன்ஜினியர்கள், வெளி நிபுணர்கள் என்று 76 பேரிடம் பேசி, அவர்கள் கண்டதைச் சுருக்கமாகச் சொன்னால் பயம். மேலே இருந்தவர்களுக்கு ஆப்பிள் மேலும் பங்குச் சந்தை மேலும் பயம். சிம்பியான் பலவீனம் என்று வெளியே தெரிந்தால் டீலர்களும் முதலீட்டாளர்களும் ஓடிவிடுவார்கள் என்று அதை மறைத்துப் பேசினார்கள். நடுவில் இருந்தவர்களுக்கு மேலே இருந்தவர்கள் மேல் பயம். "இந்தத் தேதிக்கு முடியாது" என்று சொன்னால், திறமை இல்லாதவன் என்ற பெயர் வரும். அதனால் முடியும் என்றே சொன்னார்கள். மேலே இருந்தவர்கள் அதை நம்பித் தேதி அறிவித்தார்கள். போன் தாமதமாக வந்தது, அரைவேக்காடாக வந்தது.

எனக்கு இந்த இடம்தான் முழுக் கதையின் மையம் என்று படுகிறது. எங்கள் தெருவில் நாலு தறி வைத்திருக்கும் முதலாளிக்கு, போன முகூர்த்தத்தில் எந்த பார்டர் தேங்கியது என்று யாரும் அறிக்கை எழுதித் தர வேண்டாம். கடைக்காரர் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அன்று சாயங்காலமே நெசவாளரிடம் பேச்சு நடக்கும். அதனால்தான் பழைய அடை முறையில் டிசைன் எடுத்த தறியில் ஜக்கார்டு பெட்டி ஏறியது. கிராப் பேப்பரில் கட்டம் போட்டுக் கையால் அட்டை குத்திய வேலை கம்ப்யூட்டருக்குப் போனது. இன்று பென் டிரைவில் டிசைன் வாங்கிப் போகிற எலக்ட்ரானிக் ஜக்கார்டும் வந்திருக்கிறது. பட்டுத் தொழிலுக்கு வேறு நோய்கள் ஆயிரம் உண்டு. கெட்ட செய்தி போய்ச் சேராத நோய் மட்டும் கிடையாது. நோக்கியாவில் கடைக்காரனுக்கும் தலைவருக்கும் நடுவில் எத்தனையோ அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் செய்தி கொஞ்சம் இனிப்பாகும்.

2010 செப்டம்பரில் ஸ்டீபன் எலோப் வந்தார். கனடாக்காரர், மைக்ரோசாஃப்ட்டில் இருந்தவர், நோக்கியாவுக்கு ஃபின்லாந்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் தலைவர். 2011 பிப்ரவரியில் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடலுக்கு நடுவில் எரிகிற எண்ணெய்க் கிணற்று மேடையில் நிற்பவன், உறையும் தண்ணீரில் குதிப்பதைத் தவிர வழியில்லை என்ற பொருளில். கடிதம் வெளியே கசிந்து உலகமே படித்தது. அதே பிப்ரவரி 11-ஆம் தேதி, இனி எங்கள் ஸ்மார்ட்போன்கள் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் போனில் ஓடும் என்று அறிவித்தார்.

எரிகிறது என்று உண்மையைச் சொன்னதற்காக அவரைத் திட்டமாட்டேன். அதை நாலு வருடம் முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வியாபாரம் தெரிந்த எந்தக் கடைக்காரனும் செய்யாத ஒன்றைச் செய்தார். புதுச் சரக்கு கையில் இல்லாதபோதே பழைய சரக்கு உதவாது என்று போர்டு எழுதி மாட்டினார். முதல் லூமியா வந்தது 2011 நவம்பரில். நடுவே ஒன்பது மாதம், சிம்பியான் செட்டை யார் வாங்குவார்கள்? எங்கள் பக்கத்தில் அந்த நேரத்தில்தான் சாம்சங் காலக்ஸி ஒய் வந்து உட்கார்ந்தது. சின்ன ஸ்கிரீன், சுமாரான கேமரா, ஆனால் ஆண்ட்ராய்டு. லூமியா கையில் பிடிக்க அருமையான போன்தான். நான் இன்றைக்கும் சொல்வேன். வாங்கியவர் இரண்டே வாரத்தில் வந்து, "அண்ணா, ஃப்ரெண்டு செட்டுல இருக்கிற ஆப் இதுல வரலியே" என்பார். அதற்கு என்னிடம் ஸ்க்ரூ டிரைவர் இல்லை.

2012-இன் முதல் மூன்று மாதங்களில் சாம்சங் நோக்கியாவைத் தாண்டியது. 14 வருட முதலிடம் போனது. அந்த வருடம் ஃபின்லாந்தில் சாலோ ஊர் ஃபேக்டரியை மூடினார்கள். டிசம்பரில் எஸ்போவில் இருந்த தலைமை அலுவலகக் கட்டடத்தையே 17 கோடி யூரோவுக்கு விற்று, அதிலேயே வாடகைக்கு இருந்தார்கள். 2013 செப்டம்பரில் போன் வியாபாரம் மொத்தத்தையும் மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்பதாக அறிவிப்பு. விலை 544 கோடி யூரோ. கைமாறுவதற்குக் கொஞ்சம் முன்னால், 2014-இல், நோக்கியா எக்ஸ் என்று ஆண்ட்ராய்டு அடிப்படையில் ஒரு போன் வெளியிட்டார்கள். ஊர் விட்டுப் போகும்போது வீட்டுக்கு வெள்ளையடித்த கதை.

இனி வரிக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் இதுதான். 2013 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரியில் வருமான வரித் துறை சோதனை நடந்தது. ஃபின்லாந்துத் தாய்க் கம்பெனிக்கு சாஃப்ட்வேருக்காக அனுப்பிய பணத்துக்கு இங்கே வரி பிடித்திருக்க வேண்டும் என்றார்கள். 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நோட்டீஸ். மாநில விற்பனை வரித் துறை தனியாக 2,400 கோடி கேட்டது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போனது. 3,500 கோடிக்கு உத்தரவாதம் கேட்கப்பட்டது. சொத்து முடங்கிக் கிடந்தது. 2014 ஏப்ரல் 25-இல் உலகத்தில் இருந்த நோக்கியா போன் ஃபேக்டரிகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனபோது, ஸ்ரீபெரும்புதூர் போக முடியவில்லை. கொஞ்ச நாள் ஒப்பந்தத்துக்குச் செய்து கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் அந்த ஒப்பந்தத்தை நிறுத்தியது. 2014 நவம்பர் 1-ஆம் தேதியோடு லைன் நின்றது. அதே வருடம் டிசம்பரில் பக்கத்தில் இருந்த பாக்ஸ்கானும் நிறுத்தியது. வரிச் சண்டை 2018-இல், ஃபின்லாந்தும் இந்தியாவும் பேசி, நோக்கியா 20 கோடி யூரோவுக்குச் சற்று மேல் கட்டியதோடு தீர்ந்தது.

வரி அந்தக் கட்டடத்தைக் கட்டிப்போட்டது, சரி. வரி இல்லாமல் இருந்தால் ஃபேக்டரி பிழைத்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. 2015 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதி, 7,800 பேர் வரை குறைப்பதாக அறிவித்தது. 2016-இல் சாதா போன் வியாபாரத்தையும் 35 கோடி டாலருக்கு விற்றுவிட்டு ஒதுங்கியது. நம் ஃபேக்டரி பெரும்பாலும் செய்தது அந்தச் சாதா போன்களைத்தான். மைக்ரோசாஃப்ட் கைக்குப் போயிருந்தால் ஒன்றிரண்டு வருடம் கூடுதலாக ஓடியிருக்கும். அதுவும் குடும்பங்களுக்குப் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் போன் தோற்றது வரியால் இல்லை. தோற்ற போனைச் செய்துகொண்டிருந்த இடத்தில் வரி வந்து விழுந்தது.

ஊட்டியிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967-இல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தது. உலகம் கலருக்குப் போனபோது அது கறுப்பு வெள்ளையில் இருந்தது. உலகம் டிஜிட்டலுக்குப் போனபோது நலிந்த ஆலைகள் பட்டியலில் இருந்தது. அரசுக் கம்பெனி என்பதால் சாவு இழுத்துக்கொண்டே போனது. தனியார் கம்பெனி வேகமாகச் சாகும் என்பதைத் தவிர, வித்தியாசம் பெரிதாக எனக்குத் தெரியவில்லை. அமெரிக்க ஃபிலிம் கம்பெனி கோடாக்கிலும் தெரியாமல் போகவில்லை: 1975-லேயே டிஜிட்டல் கேமராவைச் செய்தவர் அந்தக் கம்பெனியின் சொந்த இன்ஜினியர் ஸ்டீவ் சாசன்தான்.

நோக்கியா சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டவருக்கு வேண்டிய நெட்வொர்க் சாதனம் செய்யும் கம்பெனியாக அது உயிரோடு இருக்கிறது. 2016-இல் அல்காடெல்-லூசென்ட்டையே வாங்கியது. நீங்கள் பேசும் பேச்சு நோக்கியா பெட்டி வழியாகப் போய்க்கொண்டிருக்கலாம். பங்கு வைத்திருந்தவர்களுக்கு அடி விழுந்தது, கொஞ்சம் எழுந்தார்கள். லைனில் நின்ற பிள்ளைகளுக்கு 2014-இல் கிடைத்தது விருப்ப ஓய்வுத் திட்டம். பெரும்பாலோருக்கு அப்போது வயது இருபதுகளில். வேலை போனதைவிடக் கொடுமை, கையோடு எடுத்துப்போக ஒரு தொழில் இல்லாதது. ஒரே லைனில், ஒரே இடத்தில், ஒரே பாகத்தை வைத்த அனுபவத்துக்கு வெளியே என்ன பெயர்? என் கடையில் உதவிக்கு இருந்த பையனுக்கு சால்டரிங் தெரியும், ஐசி எடுக்கத் தெரியும். எந்த ஊரிலும் கடை போடுவான். லட்சக்கணக்கான போன் செய்த கைக்கு ஒரு போனைப் பிரித்து மாட்டத் தெரிய வேண்டிய தேவையே இருந்ததில்லை.

ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரிக் கட்டடம் சும்மா இல்லை. நோக்கியாவுக்கு சார்ஜர் செய்து கொடுக்க அதே வளாகத்துக்குள் வந்திருந்த சால்காம்ப், நோக்கியா போன பிறகு ஆப்பிளுக்கு சார்ஜர் செய்தது. 2019-இல் நோக்கியா ஃபேக்டரியையே வாங்குவதாக அறிவிப்பு வந்தது. 2020-இல் அங்கே வேலை தொடங்கியது. பாக்ஸ்கானும் ஸ்ரீபெரும்புதூரில் திரும்ப எழுந்து, 2019 முதல் ஐபோன் செய்கிறது. எங்கள் நெடுஞ்சாலையில் மறுபடி கம்பெனி பஸ் ஓடுகிறது. மறுபடி ஐடி கார்டு.

ஐபோனுக்கும் ஒருநாள் இது நடக்கும். எப்போது, எதனால் என்று சொல்ல நான் ஜோசியக்காரன் இல்லை. ஆகவே ஆப்பிளுக்கோ பாக்ஸ்கானுக்கோ புத்தி சொல்லவில்லை. நம் அரசிடம் ஒரு வேண்டுகோள். நிலமும் மின்சாரமும் வரிச் சலுகையும் கொடுத்துக் கம்பெனியை அழைக்கிறீர்கள், அழையுங்கள். அந்த ஒப்பந்தத்தில், லைனில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் வருடத்தில் சில வாரம் சம்பளத்தோடு பயிற்சி, அதற்கு ஐடிஐ ஏற்றுக்கொள்ளும் சான்றிதழ் என்று ஒரு பக்கம் சேருங்கள். கம்பெனி மூடினால் எத்தனை மாதச் சம்பளம் என்பதையும் வரும்போதே எழுதி வாங்குங்கள். போகும்போது கேட்டால் கிடைக்காது.